ஹூட் டு கோஸ்ட் தொடர் ஓட்டம்: காட்டுக்குள் இரவுப் பணி கிடைத்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும்?

மழைநகரவாசி:

வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு அருகே உள்ள ஹில்ஸ்பரோவுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, இந்த ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் ஹூட் டு கோஸ்ட் தொடர் ஓட்டத்தில் ஓடுகிறார்கள். போர்ட்லாந்து வட்டாரத்து அணிகள் ஒவ்வொன்றும் மூன்று தன்னார்வலர்களைக் கொடுக்க வேண்டும் என்றும், அவர்களில் ஒருவர் வராமல் போனாலும் அணியின் தலையில்தான் விடியும் என்றும் சொல்லி, அந்த மூவரில் ஒருவனாக என் பெயரையும் எழுதிவிட்டார்கள். எனக்கும் ஓட்டத்துக்கும் இருந்த உறவு எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில், தொடர் ஓட்டத்தின் மூன்றாவது ஆளாக நின்று கட்டையைக் கீழே போட்ட அன்றே முடிந்துபோனது.

எனக்குக் கிடைத்திருக்கும் பணி வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி முதல் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணி வரை, மிஸ்ட் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மாற்றுமிடத்தில், அதாவது ஓடுபவர்கள் ஆள் மாறும் இடத்தில். வரைபடத்தில் சுற்றிலும் காடாகத்தான் தெரிகிறது. அங்கே உண்மையிலேயே ஏதாவது வேலை இருக்குமா, அல்லது கணக்குக் காட்டுவதற்காக நிறுத்திவைப்பார்களா? எதையெல்லாம் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்? மனைவியும் ஐந்து வயது மகளும் தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள், அழைத்துப் போகலாமா? அல்லது இப்போதே கேட்டு, ஓட்டம் முடியும் சீசைட் கடற்கரையில் பகல் பணியாக மாற்றிக்கொள்வது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பைன்மரம்:

நான் ஐந்து முறை இந்த ஓட்டத்தில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். அவற்றில் மூன்று இரவுப் பணிகள். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட்டத்தின் அமைப்பு மனதில் பதிந்தால்தான் உங்கள் பணி எதற்கு என்பது விளங்கும். மவுண்ட் ஹூட் மலையின் தென்சரிவில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ள டிம்பர்லைன் விடுதியில் ஓட்டம் தொடங்குகிறது. மலையிறங்கி, சாண்டி ஊரைக் கடந்து, போர்ட்லாந்துக்குள் புகுந்து வெளியேறி, செயின்ட் ஹெலன்ஸ் தாண்டிக் கடலோர மலைத்தொடரை ஏறியிறங்கி, சீசைட் மணலில் முடிகிறது. மொத்தத்தில் கிட்டத்தட்ட 200 மைல். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 36 பகுதிகளாகப் பிரித்து, பன்னிரண்டு பேரும் ஆளுக்கு மூன்று முறை ஓடுகிறார்கள். 1982இல் பாப் ஃபூட் என்பவர் தொடங்கியபோது எட்டே அணிகள்தாம் ஓடின. இப்போது ஆயிரம் அணிகள் என்ற அளவில் நிற்கிறது. ஓர் அணிக்கு இரண்டு வேன்கள், முதல் ஆறு பேர் ஒன்றில், அடுத்த ஆறு பேர் மற்றொன்றில். அப்படியென்றால் இரண்டாயிரம் வேன்கள் இரவோடு இரவாக இருவழிக் காட்டுச் சாலைகளில் ஊர்ந்து வருகின்றன. "வேலை இருக்குமா" என்ற உங்கள் கேள்விக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக ஓடும் அணிகளை வெள்ளி விடியலிலேயே அனுப்பிவிட்டு, வேகமானவர்களைப் பிற்பகல்வரை நிறுத்திவைத்து அனுப்புவார்கள். அதனால், முன்னால் போனவர்களைப் பின்னால் வந்தவர்கள் பிடிக்கும் நெரிசல் நள்ளிரவை ஒட்டிக் கடலோர மலைப்பகுதியில்தான் உச்சத்துக்கு வரும். உங்களைப் போட்டிருப்பது சரியாக அந்த இடத்தில், அந்த நேரத்தில்.

உங்கள் மாற்றுமிடத்தின் எண் ஆறால் வகுபடுகிறதா என்று பாருங்கள். 6, 12, 18, 24, 30 ஆகிய இடங்களில்தான் ஓட்டப்பொறுப்பு ஒரு வேனிலிருந்து மற்ற வேனுக்கு மாறும். அங்கே ஒவ்வோர் அணியின் இரண்டு வேன்களும் வந்து நிற்கும், பன்னிரண்டு பேரும் இறங்குவார்கள், கழிப்பறை வரிசை நீண்டுகொண்டே போகும். மற்ற இடங்களில் கூட்டம் பாதிதான், ஆனால் நிறுத்துமிடமும் அதற்கேற்பச் சிறியதாக இருக்கும்.

பணி மூன்று வகையாக அமையும். வேன்களை வயல்வெளி நிறுத்துமிடத்துக்குள் வரிசையாக விடுவது ஒன்று. ஓடுபவர்கள் சாலையைக் கடக்கும் இடத்தில் கொடியோடு நிற்பது இன்னொன்று. மூன்றாவது, வருகிற ஓட்டக்காரரின் எண்ணைத் தூரத்திலேயே பார்த்து மாற்றுமிடத்துக்குச் சொல்வது. எதைக் கொடுத்தாலும் மறுக்காதீர்கள், ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மூன்றாவதைக் கேளுங்கள். அங்கே தூக்கம் வராது.

போகும் வழி பற்றி ஒன்று. கைப்பேசி காட்டும் வழியை நம்பிச் செயின்ட் ஹெலன்ஸ் பக்கமாகப் போய்விடாதீர்கள். ஓட்டத்தின் வேன்கள் எல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஹில்ஸ்பரோவிலிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 47இல் வடக்கே திரும்பி, வெர்னோனியா வழியாக மிஸ்ட் செல்லுங்கள். சாதாரண நாளில் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துப் புறப்படுங்கள். மலைக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, ஆகையால் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். வெர்னோனியாவுக்கு அப்பால் எல்க் மான்கள் சாலையில் வந்து நிற்கும். ஹாரன் அடித்தால் நகரும் என்று எண்ணாதீர்கள்.

கடலோரக் காற்று:

குழந்தை வருவதாக இருந்தால் சீசைட்டுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நான் இரண்டு முறை முடிவுக்கோட்டில் நின்றிருக்கிறேன். மணலில் வந்து சேரும் அணியினர் தங்கள் கடைசி ஆளோடு பன்னிரண்டு பேருமாகக் கைகோத்துக் கோட்டைக் கடப்பதைப் பார்ப்பதற்கே போகலாம். பதக்கம் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது என்று குழந்தைகளும் பார்த்து மகிழும்படியான பணி. காற்று மட்டும் சற்றுக் கடுமையாக இருக்கும். 2015இல் அடித்த பெருங்காற்றில் கடற்கரைக் கொண்டாட்டப் பகுதியையே மூடும்படி ஆயிற்று. அது எப்போதோ ஒரு முறை நடப்பது.

வேன் இரண்டு:

மேலே எழுதிய நண்பரின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஆலோசனையை ஏற்க முடியவில்லை. நான் தன்னார்வலன் அல்லன். நான்கு முறை ஓடியவன், நான்கு முறையும் இரண்டாவது வேனில். முடிவுக்கோட்டில் பதக்கம் கொடுக்க ஆளுக்கு ஆள் போட்டி. இரவு இரண்டு மணிக்குக் காட்டில் நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஓட்டத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஒருவர் இரவுப் பணியை விட்டுவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே போகும்.

ஓடுபவன் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் சுற்றைப் பகலில் ஓடி, வேனில் ஐந்து பேரின் வியர்வை நாற்றத்தோடு மடங்கி உட்கார்ந்து, வாழைப்பழத்தையும் பிரெட்டையும் தின்று, ஒரு மணி நேரம் தூங்கியும் தூங்காமலும் எழுந்து இரண்டாவது சுற்றுக்கு இறங்குகிறோம். நெற்றி விளக்கின் வெளிச்சம் ஆறடிக்கு மேல் எட்டாது. மண்சாலைப் பகுதிகளில் வேன்கள் கிளப்பும் புழுதி அந்த வெளிச்சத்தில் மூடுபனிபோல் தொங்கும், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே, வளைவுக்கு அப்பால் ஒருவர் நம் எண்ணைக் கத்திச் சொல்லும் குரல் கேட்டால், இன்னும் இருநூறு அடிதான் என்று கால் தானாக எட்டிப் போடும். அந்தக் குரல் வராத மாற்றுமிடங்களையும் பார்த்திருக்கிறேன். ஓடி வந்து நின்று, நம் அடுத்த ஆள் எங்கே என்று நாமே இருட்டில் பெயர் சொல்லிக் கூவ வேண்டியிருந்தது. அவர் பத்தடி தள்ளிக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வேன் நிறுத்துமிடப் பணி கிடைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். தூங்குவதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்தாலும், களைத்துப் போனவர்கள் வேனுக்குப் பக்கத்துப் புல்லிலேயே தூக்கப்பையை விரித்துப் படுத்துவிடுவார்கள். கருநிறத் தூக்கப்பை இருட்டில் தெரியவே தெரியாது. பின்னால் எடுக்கும் ஒவ்வொரு வேனுக்கும் பின்னே விளக்கோடு நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு கையைக் காட்டுங்கள். ஓட்டுநருக்கு எரிச்சலாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். படுத்திருப்பவர்களை எழுப்பித் தூங்கும் இடத்துக்கு அனுப்புவதும் உங்கள் வேலைதான், தயங்காமல் எழுப்புங்கள்.

பீவர்டன் யாழ்:

வணக்கம் அண்ணா. ஊரில் நாங்கள் இதை அஞ்சலோட்டம் என்றுதான் சொல்வோம், பாடசாலை இல்லவிளையாட்டுப் போட்டியில் அஞ்சல் கோலைத் தவறவிட்ட அனுபவம் எனக்கும் இருக்கிறபடியால் உங்கள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இங்கே கோல் கிடையாது, கவலையை விடுங்கள். மணிக்கட்டில் தட்டினால் தானாகச் சுருண்டுகொள்ளும் பட்டை ஒன்றைத்தான் ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். அதைப் பிடிக்கப்போவதும் நீங்கள் இல்லை.

நான் சென்ற இரண்டு வருடமும் எண் பார்க்கும் தொண்டராக நின்றேன். முதல் வருடம் நான் செய்த பிழைகளை நீங்களும் செய்யாமலிருக்கச் சொல்கிறேன். மாற்றுமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது மீற்றர் முன்னால் நின்று, வருகிறவரின் நெஞ்சில் இருக்கும் எண்ணை வாசித்து, கையில் இருக்கும் சிறிய வானொலியில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அவர் நெற்றியில் இருக்கும் விளக்கு நேராக உங்கள் கண்ணில் அடிப்பதால் எண் என்ன, ஆள் ஆணா பெண்ணா என்பதே தெரியாது. நானும் பதிலுக்கு என் டோர்ச்சை அவர் முகத்தில் அடித்தேன். அந்த மனிதர் கண் கூசி, சாலையோரத்துச் சரளையில் கால் வழுக்கி விழப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு பழகிக்கொண்ட முறை இது: சாலைக்குச் சற்று ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று, விளக்கை இடுப்பு உயரத்தில் பிடித்து, அவர் கடக்கும் நேரத்தில் வயிற்றுப் பக்கமாக மட்டும் வெளிச்சம் விழும்படி காட்ட வேண்டும். சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டு எண்ணை மறைத்திருந்தால், தூரத்திலேயே "உங்கள் எண்?" என்று கேட்டுவிடுங்கள், அவர்களே கத்திச் சொல்வார்கள்.

இன்னொன்று எங்கள் எல்லோருக்கும் பொருந்தும். நான் "ஃபிஃப்டீன்" என்றால் அந்தப் பக்கம் இருந்தவருக்கு "ஃபிஃப்டி" என்று கேட்டது, "தேர்ட்டி" என்றால் "தேர்ட்டீன்" ஆனது. வானொலியின் இரைச்சல் ஒரு பக்கம், எங்கள் உச்சரிப்பு ஒரு பக்கம். தவறான ஆள் கோட்டுக்கு வந்து நின்று, சரியான ஆள் இன்னும் வேனுக்குள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆகையால் எண்ணை ஒருபோதும் சேர்த்து வாசிக்காதீர்கள். 1150 என்றால் "ஒன், ஒன், ஃபைவ், ஸீரோ" என்று ஒவ்வோர் இலக்கமாக, இரண்டு முறை சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்தால் முன்னால் வருபவரை முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு அடுத்தவரைச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி யாரும் எழுதவில்லையே! பகலில் போர்ட்லாந்து வெயிலில் வெந்துகொண்டிருக்கும், அதை நம்பி மெல்லிய சட்டையோடு போனால் நள்ளிரவில் மலைக்குள் பத்துப் பாகை செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும். ஓடுகிறவர்களுக்குச் சூடு உண்டு, நிற்கிறவர்களுக்கு இல்லை. கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த காலுறை, உங்களுடைய நெற்றி விளக்கு, அதற்கு மாற்று பற்றரி. வெளிச்சத்தில் பளிச்சிடும் மேலங்கியை அங்கேயும் தருவார்கள், வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், ஏனென்றால் வேன்கள் உங்களையும் பார்க்க வேண்டும். தெர்மோசில் இஞ்சி போட்ட தேநீர். சோறு என்றால் புளிச்சாதம் நல்லது, கையில் ஒட்டாமல் ஒரு கரண்டியில் முடிந்துவிடும். தயிர்ச்சாதம் கொண்டுபோய்க் குளிரில் நடுங்கியது போன வருடத்துக் கதை.

பிள்ளையைப் பற்றி: கொண்டுபோக வேண்டாம் அண்ணா. புழுதியும் வேன்களும் இருட்டும் உள்ள இடத்தில் உங்கள் ஒரு கண் பிள்ளை மேலும் மற்றது சாலை மேலும் இருந்தால் இரண்டும் கெடும். சனிக்கிழமை பகலில் மூவருமாகச் சீசைட்டுக்குப் போய் உங்கள் அணி வந்து சேருவதைப் பாருங்கள்.

மழைநகரவாசி:

எல்லோருக்கும் நன்றி. மனைவியோடு பேசி, இரவுக்கு நான் மட்டும் போவது, சனிக்கிழமை மூவருமாகக் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். மாற்றுமிடத்தின் எண்ணைப் பார்த்தேன், ஆறால் வகுபடவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். நான்கு மணிக்கு எனக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை என்றால் என்ன செய்வது? சிக்னல் இல்லாத இடத்தில் ஓடுபவர் யாராவது மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

பைன்மரம்:

இரண்டும் சரியான கேள்விகள். மாற்றுமிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். போனவுடன் அவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் அணிக்கான கணக்கும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. பலர் நேராக வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நின்றுவிட்டு, பதியாமல் விட்டு, வந்தும் வராதவர்களாகிவிடுகிறார்கள். மயக்கம், காயம் எதுவானாலும் அவரிடமே சொல்ல வேண்டும். கைப்பேசி எட்டாத பகுதிகளில் ஹாம் ரேடியோக்காரர்கள் (சொந்த வானொலிக் கருவி வைத்துப் பேசும் ஆர்வலர்கள்) தொடர்புக்கு நிற்பார்கள், அவர்களும் நம்மைப் போன்ற தன்னார்வலர்களே. அவர்களுடைய வண்டி எங்கே நிற்கிறது என்பதை இருட்டும் அவசரமும் சேர்ந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவரை நீங்களே உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

மாற்று ஆள் விஷயத்தில் நான் கசப்பாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு முடிய வேண்டிய என் பணி, வர வேண்டிய இருவரும் வராததால் ஆறு மணிவரை நீண்டது. எந்த அணியின் ஆட்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். பொறுப்பாளரிடம் சொல்லாமல் சாலைக் கடப்பு இடத்தை விட்டு மட்டும் நகராதீர்கள். அதே சமயம் கண் சொருகினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுவார். வீடு திரும்பும்போது வண்டியிலேயே அரைமணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வெர்னோனியா சாலையின் வளைவுகள் தூக்கக் கலக்கத்துக்கு ஏற்றவை அல்ல.

மழைநகரவாசி:

ஓட்டம் முடிந்து மூன்று நாட்கள் ஆகின்றன. கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்ற பெயர் வேண்டாம் என்று எழுதுகிறேன். பைன்மரம் சொன்னபடி எண் பார்க்கும் பணியையே கேட்டு வாங்கி, பீவர்டன் சகோதரி சொன்ன முறையில் செய்தேன். முதல் அரைமணி நேரம் தட்டுத் தடுமாறியது, பிறகு கை பழகிவிட்டது. இலக்கம் இலக்கமாக இரண்டு முறை சொன்னதில் ஒரே ஒரு முறைதான் பிழை வந்தது. அதுவும் ஓடி வந்தவரே தன் எண்ணை மாற்றிச் சொன்னதால் வந்தது.

ஒரு காட்சி மட்டும் மனதில் நிற்கிறது. இரண்டேகால் மணி இருக்கும். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்தார், எண்ணைச் சொன்னேன், மாற்றுமிடத்திலிருந்து பதில் இல்லை. மறுபடி சொன்னேன், ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்தும் கோட்டுக்கு யாரும் வரவில்லை. அவர்களுடைய வேன் பின்னால் நெரிசலில் சிக்கியிருந்தது. அவரோ நான்கு மைல் மேடு ஏறி ஓடி வந்தவர். அடுத்தவர் கையில் தட்டிவிட வேண்டிய பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே கோட்டருகில் காத்திருந்தார். வியர்வை ஆறத் தொடங்கியதும் பல் கிட்டித்தது. இடையில் என்னைச் சற்று விடுவித்தபோது என் போர்வையைக் கொடுத்து, தெர்மாஸில் இருந்த சுக்குக் காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, காரம் தாங்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மீதியையும் குடித்தார். பதினேழு நிமிடம் கழித்து ஒரு பையன் ஷூ நாடாவைக் கட்டாமலேயே "சாரி, சாரி" என்று கத்திக்கொண்டு இருட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். அந்த அம்மையார் ஒரு வார்த்தை திட்டவில்லை. பட்டையை அவன் மணிக்கட்டில் தட்டி, நாடாவைக் கட்டச் சொல்லி, அவன் கட்டி முடிக்கும்வரை விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றார்.

என்னை மாற்ற வேண்டியவர் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். இனிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: யார் பேச்சையோ கேட்டு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து மணி நேரத்தில் நான் அதில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை, ஆனால் அந்தப் பதினேழு நிமிடமும் அந்த அம்மையார் உட்கார்ந்திருந்தது அதில்தான்.